சமத்துப் பொட்டலம்

அய்யோ, அது வேணாம்மா. அந்த நீலப் பெட்டியை மட்டும் எடுக்காதீங்க. உங்க பையன் யூஆனோடதுதான், மேல அவன் கையெழுத்துதான், இல்லங்கல. ஆனா அட்டைப் பெட்டிக்குள்ள போட்டுடாதீங்க. இங்க குடுங்க, என் பக்கத்துல இருக்கட்டும். ஏன்னு சொல்றேன். மத்ததெல்லாம் எடுத்துக்கலாம். இந்த கப்பு அவனோடது. செருப்பு அவனோடது. ஸ்வெட்டர், ஆமா, வெளிய இந்த வெயில் கொளுத்தறப்போ ஸ்வெட்டரான்னு பாக்கறீங்க. அந்த மிஷின் ரூம்ல அவ்ளோ குளிரும்.

நின்னுக்கிட்டே மடிக்காதீங்கம்மா, உக்காருங்க. அதோ அந்த ஸ்டூல்ல. அதுல வேணாம், ஆடும். இதுல உக்காருங்க. ஊர்லேருந்து, சியாயிலேருந்து நின்னுக்கிட்டேதான வந்திருப்பீங்க, பத்தரை மணி ரயில்ல எங்க இடம் கெடைக்குது. காலை டிபன் கடையைச் சாத்திட்டு அப்படியே கெளம்பிட்டீங்களா? அதான பாத்தேன், ஏப்ரனைக்கூடக் கழட்டலை. இல்லல்ல, ஒண்ணும் அசிங்கமா இல்ல. இங்க எல்லாருமே ஏப்ரன் மாதிரி ஒண்ணைத்தான் மாட்டிக்கிட்டுத் திரியறோம்.

நான் ரூயின். சொல்லியிருப்பான். சொன்னானா? ரூயின் அக்கான்னா? சரி. நான் ஸ்டூடன்ட் இல்லம்மா. படிச்சு முடிச்சு நாலு வருஷமா இதே லேப்ல அசிஸ்டென்ட். லியாவ் சார்தான் எனக்கும் சார், அவனுக்கும் சார். நான் இவ்ளோ பேசி யாரும் பாத்ததில்ல. காய்டிங்குன்னு ஒருத்தி இருக்கா, சாப்பிடப் போயிருக்கா, அவ இப்ப உள்ள வந்தான்னா மயங்கி விழுந்துடுவா. அதனால நடுவுல ஒண்ணும் கேக்காதீங்க, கேட்டா எனக்கு நின்னு போயிடும். முழுசா சொல்லிடறேன்.

இல்ல, அதை இப்ப கேக்காதீங்கன்னுதான சொல்றேன். பண்ணானா இல்லையாங்கறதுக்குத்தான் வரேன்.

இன்னிக்கு ரெண்டு மணிக்குக் கமிட்டி, மேல நாலாவது மாடியில. லெட்டர் வந்திருக்குமே உங்களுக்கும். அவன் நம்பரை இட்டுக்கட்டி எழுதிட்டான், பரிசோதனையே பொய்னு முடிவு பண்ணிட்டாங்க. இன்னிக்கு மூணு பேரும் கையெழுத்துப் போட்டா அவ்ளோதான். ஆறு வருஷப் படிப்பு, பட்டம், எல்லாம் போச்சு. வேற எந்த லேப்லயும் அவன் பேரைச் சொன்னாலே சிரிப்பாங்க. ஆட்சேபம் இருந்தா எழுதிக் குடுன்னு ஒரு மாசம் டைம் குடுத்தாங்க. இவன் ஒரு வரி எழுதலை. போன் எடுக்க மாட்டேங்கறான். அங்க என்ன பண்றான்? மாவு பெசையறானா. ம்.

கோவம் வருதும்மா. யார் மேலன்னுதான் சொல்லத் தெரியலை.

அவன் என்ன கண்டுபுடிச்சான்னு உங்ககிட்ட எப்பவாவது சொல்லியிருக்கானா? புரியாதுன்னு சொல்லிட்டானா. பொய். அவன் தீசிஸ்ல எழுதியிருக்கறதே உங்க கடையைப் பத்திதான். நெஜமாம்மா! கேளுங்க. நம்ம உடம்புல ஒவ்வொரு செல்லுக்குள்ளயும் சமையல் குறிப்புப் புஸ்தகம் ஒண்ணு இருக்கு. அதுல ஒவ்வொரு குறிப்பும் ஒரு ஜீன். எல்லாக் குறிப்பையும் எப்பவும் சமைச்சிட்டே இருந்தா செல்லு தாங்காது. எப்ப எதை எடுத்துப் படிக்கணும், எதைப் படிக்கக் கூடாது, அதுதான் விஷயமே. புஸ்தகம் ரூமை விட்டு வெளிய வராது. வேணுங்கற குறிப்பை மட்டும் ஒரு சீட்டுல நகல் எடுத்து அடுப்படிக்கு அனுப்பும். உங்க கடையில பென்சில்ல டிக் பண்ற சீட்டு இருக்குல்ல, அது மாதிரி.

சீட்டு எப்ப எழுதுவாங்க? வாடிக்கைக்காரர் வந்தாத்தான? அந்த வாடிக்கைக்காரர்தான் ஹார்மோன். ரத்தத்துல வரும், செல்லுக்குள்ள நொழையும். உள்ள அதுக்குன்னே ஒரு புரதம் காத்துட்டிருக்கும், கல்லாவுல நிக்கற பொண்ணு மாதிரி. ஹார்மோன் வந்து அதோட ஒட்டினதும் ரெண்டும் சேந்து புஸ்தகம் இருக்கற ரூமுக்குள்ள போய், சரியான பக்கத்துல உக்காந்து, நகல் எடுக்கறவனைக் கூப்புடும். இது எல்லாருக்கும் தெரிஞ்ச கதை, ரொம்பப் பழசு. யூஆன் கண்டுபுடிச்சது வேற. வாடிக்கைக்காரர் யாரும் வராதப்போ அந்தப் பக்கம் எப்படி மூடியே இருக்கு? அதை இழுத்து மூடி வெக்க ஒரு புரதம் இருக்குன்னான். ஷட்டர்னு பேரு வெச்சான். எங்கம்மா ஷட்டரைத் தூக்கலைன்னா அந்தத் தெருவுக்கே விடியாதுக்கா, அது மாதிரின்னு சொல்வான்.

அழாதீங்க. நீங்க அழுதா நான் நிறுத்திடுவேன், அப்பறம் ரெண்டு மணி ஆயிடும்.

அவன் பண்ணது சாதாரணப் பரிசோதனைதான். மின்மினிப் பூச்சியோட வெளிச்ச ஜீனை எடுத்து அந்தப் பக்கத்தோட ஒட்ட வெச்சிட்டான். பக்கம் தெறந்தா செல்லு மினுக்கும், மூடியிருந்தா இருட்டு. பிளாஸ்டிக் தட்டுல ஷட்டர் இருக்கற செல்லு ஒரு குழியில, ஷட்டரைப் புடுங்கின செல்லு ஒரு குழியில. ஹார்மோன் எதுலயும் கெடையாது. ஷட்டர் இருந்தா இருட்டா இருக்கணும். புடுங்கினா, கடையில ஒரு ஆள் இல்லாம அடுப்பு தானா எரியணும். அவனுக்கு அப்படித்தான் வந்துச்சு. வெளிச்ச அளவு முதல் குழியில இருநூறு, ரெண்டாவதுல ஒம்பதாயிரம். ஒவ்வொரு தடவையும். லியாவ் சார் சந்தோஷத்துல எல்லாருக்கும் பாலாடை டீ வாங்கிக் குடுத்தாரு. அவர் வாங்கிக் குடுத்து நான் பாத்த ஒரே டீ அதுதான்.

அப்பறம் காய்டிங் பண்ணிப் பாத்தா. ரெண்டு குழியும் மினுக்குது. இன்னொரு பையன் பண்ணான், ரெண்டும் மினுக்குது. யூஆன் பண்ணா மட்டும் இருட்டு. ஒருத்தன் கைக்கு மட்டும் வந்தா அதுக்குப் பேரு கண்டுபுடிப்பு இல்லம்மா, சந்தேகம்.

முதல்ல யாரும் அவனைச் சொல்லலை. மிஷினைத்தான் சொன்னாங்க. இன்குபேட்டர் சரியில்ல, சூடு ஏறுது, அது இதுன்னு. அதோ மேல பாருங்க. அதேதான், பச்சைப் பொட்டலம். சிரிக்காதீங்க. உங்க சோயாப் பால் மிஷின் மேலயும் இருக்கா? பாத்தீங்களா! பச்சைதான? மஞ்சளை வெச்சிடாதீங்க, மிஷின் படுத்துக்கும். தேங்காய் வாசனைப் பொரி, விலை ஒண்ணும் கெடையாது, ஆனா பேரு சமத்துன்னு இருக்கறதால ஆஸ்பத்திரி, பேங்க்கு, எங்க லேப், எல்லா இடத்துலயும் மிஷின் தலையில ஏத்தி வெச்சிருக்கோம். மிஷினே, சமத்தா இரு. தேதி முடியறதுக்குள்ள மாத்தணும், வேலையில இருக்கற பொட்டலத்தைப் பிரிச்சுத் திங்கக் கூடாது. இதுக்கு ரிஜிஸ்டர் வேற. ஆமா, நான்தான் எழுதறேன். காய்டிங் சொல்லுவா, லேப்ல ரெண்டு சமத்து இருக்கு, ஒண்ணு இன்குபேட்டர் மேல, ஒண்ணு ரூயின்னு.

சொன்னா சொல்லிட்டுப் போறா. உண்மைதான். நான் அப்படித்தான். யார் என்ன சொன்னாலும் தலையாட்டிடுவேன். ஆனா என் கைக்கு ஒரு பேரு உண்டும்மா. ஒரு சொட்டு கூடாது, கொறையாது. கெருமி சேராது. கைராசின்னு சொல்வாங்க. அதனாலதான் கமிட்டி போட்டதும் லியாவ் சார் சொன்னாரு, ரூயின் பண்ணட்டும், அவளுக்கு யூஆனும் ஒண்ணுதான், காய்டிங்கும் ஒண்ணுதான், அவ கையில என்ன வருதோ அதுதான் கடைசி.

ஒம்பது தடவை பண்ணேன். கன்னுக்குட்டி ரத்தத்துலேருந்து எடுக்கற சீரத்தைத்தான் செல்லுக்குச் சோறா ஊத்தணும். அதுலயே கொஞ்சம் ஹார்மோன் இருக்கும்னு கரித்தூள்ல ரெண்டு நாள் ஊற வெச்சு, வடிச்சு, திரும்ப ஊற வெச்சு வடிச்சேன். வாடிக்கைக்காரர் ஒருத்தர்கூட உள்ள இருக்கக் கூடாதுன்னு. ஒரு தடவை பெஞ்சைத் தொடைச்சா போதும், நான் மூணு தடவை தொடைப்பேன். ஒம்பது தடவையும் ரெண்டு குழியும் மினுக்குச்சு. ஒம்பதாயிரம், ஒம்பதாயிரம்.

கமிட்டி கேட்டாங்க, அவனோட நோட்டுல இருக்கற மாதிரியே பண்ணீங்களா? தலையாட்டினேன். வேற ஏதாவது சொல்லணுமா? இல்லன்னு தலையாட்டினேன். அவனைப் பக்கத்துல நின்னு பாக்க விடலை, அது விதியாம். கதவுக் கண்ணாடிக்கு வெளிய நின்னுட்டிருந்தான். நான் வெளிய வந்ததும், தேங்க்ஸ்க்கா, ரொம்பக் கஷ்டம் குடுத்துட்டேன்னான். யாராவது அப்படிச் சொல்லுவாங்களாம்மா? திட்டியிருக்கலாம்ல?

இந்தாங்க, இந்த நோட்டெல்லாம் லேபுக்குச் சொந்தம், குடுக்கக் கூடாது. இது அவனோட குடை. உடைஞ்சிருக்கு, பரவால்ல, வெச்சுக்கோங்க.

கையையா பாக்கறீங்க? பாக்காதீங்கம்மா, அசிங்கமா இருக்கும். ஸ்பிரிட்டு அடிச்சு அடிச்சு, நாளைக்கு நாப்பது தடவை கழுவிக் கழுவி வெடிச்சுப் போச்சு. மூணு வாரமா மருந்து போடலை, அதான் இப்படி. நிறுத்திட்டேன். காரணம் இருக்கு, வரேன்.

அந்த நீலப் பெட்டி. அதுல என்ன இருக்குன்னு பாருங்க, தெறக்காம, மேலாலேயே பாருங்க. டிப்பு. சொட்டு அளந்து விடற பிப்பெட்டு நுனியில மாட்டற பிளாஸ்டிக் கூம்பு. ஒவ்வொரு சொட்டுக்கும் புதுசா ஒண்ணு மாட்டணும். வசதியான லேப்ல அடுக்கினதாவே வாங்குவாங்க. லியாவ் சாருக்கு மூட்டை மூட்டையா வாங்கினாத்தான் மனசு ஆறும். மூட்டையில வந்ததை ஒவ்வொண்ணா கையால எடுத்துப் பெட்டியில நட்டு, ஆவியில வேக வெச்சு எடுக்கணும். ஒரு பெட்டிக்குத் தொண்ணூத்தாறு. இட்லி ஊத்தற மாதிரின்னு நெனைச்சுக்கோங்க... இட்லி எங்க தெரியும் உங்களுக்கு, போன வருஷம் இங்க ஒரு சென்னைப் பொண்ணு இருந்தா, அவ சொன்னது. உங்க கடை மந்தோ பன்னை வேக வெக்கற மாதிரின்னு வெச்சுக்கலாம். கிளவுஸ் போட்டா விரலுக்கு வழுக்கும், அதனால எல்லாரும் வெறுங்கையாலதான் நடுவோம். வெந்தா கெருமி செத்துடும்ல, அப்பறம் என்ன?

முன்னெல்லாம் ஆளாளுக்கு அடுக்கிக்கிட்டிருந்தாங்க. அப்பறம் ஒருத்தர் ரூயின், எனக்கு ரெண்டு பெட்டின்னாங்க, இன்னொருத்தர் எனக்கு மூணுன்னாங்க. நான் வேணாம்னு சொல்ல மாட்டேன்ல. கடைசியில மொத்த லேபுக்கும் நான்தான். மத்தியானம் சாப்பிட்டுட்டு உக்காந்து நட்டுட்டே இருப்பேன். யூஆன் மட்டும் குடுக்க மாட்டான். போன வருஷம் ஒரு நாள் என் கைவெடிப்புலேருந்து ரத்தம் பெட்டி மேல பட்டுடுச்சு. பாத்துட்டான். என்னக்கா இது, ஆடு மாடா நீங்க, நான் என்னோடதை நானே அடுக்கிக்கறேன், மொதல்ல பின்கேட் பக்கத்துத் தோல் டாக்டர்கிட்டப் போங்கன்னு வெரட்டினான். டாக்டர்கிட்டப் போனேன், தடவ மருந்து குடுத்தாரு. அன்னிலேருந்து அவன் பெட்டியை அவனே அடுக்குவான், மேல பேரு எழுதி வெச்சுக்குவான். இதோ. சித்திரம் போட்டிருக்கான் பாருங்க, ஷட்டர் கடை.

மூணு வாரத்துக்கு முன்னாடி என் பெட்டியெல்லாம் தீந்து போச்சு. அவன் ஷெல்ஃப்ல அஞ்சு நீலப் பெட்டி கெடந்துச்சு. எடுத்தேன். சும்மா ஒரு திருப்திக்குப் பத்தாவது தடவை பண்ணிப் பாத்தேன். இருட்டு! முதல் குழி இருநூத்திப் பத்து. ரெண்டாவது ஒம்பதாயிரம். அவன் நம்பர். அப்படியே அவன் நம்பர்.

காய்டிங்கைக் கூப்பிட்டுக் காமிச்சேன். அவ இன்குபேட்டர் மேல பாத்தா, சத்தம் போட்டா. அன்னிக்குக் காலையிலதான் பச்சைப் பொட்டலத்தை நான் மாத்தியிருந்தேன், பழசு தேதி தாண்டி ரெண்டு மாசம் ஆயிடுச்சு. பாத்தியா, அதான், தேதி போனதை வெச்சா மிஷின் எப்படி சமத்தா இருக்கும்னு குதிச்சா. எல்லாரும் வந்து போட்டோ எடுத்தாங்க. எவ்ளோ படிச்சவங்கம்மா நாங்க! லியாவ் சார்கிட்டப் போனேன். அவரு பொட்டலத்தைப் பாத்துச் சிரிச்சாரு, பத்துல ஒண்ணு தற்செயல், ரூயின், மனசைப் போட்டுக் குழப்பிக்காதன்னாரு. நான் தலையாட்டிட்டு வந்துட்டேன். வெறுத்துப் போச்சு. ஏன் சார், பத்துல ஒண்ணு எதனாலன்னு பாக்கறதுக்குத்தான சம்பளமே? இதை நடைபாதையில தனியா நின்னு சுவத்தைப் பாத்துச் சொன்னேன்.

இன்னும் மூணு நீலப் பெட்டியை எடுத்துப் பண்ணேன். மூணும் இருட்டு. புதுசா நான் அடுக்கினதை எடுத்தா மினுக்கும். பொட்டலத்தை மாத்தி வெச்சேன், எடுத்தே வெச்சேன், ஒரு வித்தியாசமும் இல்ல. மிஷினும் இல்ல, செல்லும் இல்ல. பெட்டிதான். அவன் அடுக்கினா இருட்டு, நான் அடுக்கினா வெளிச்சம். டிப்பு யாரு அடுக்கினாங்கன்னு எந்த நோட்டுலயும் எழுத மாட்டாங்கம்மா. உப்பு டப்பாவை யாரு கழுவி வெச்சாங்கன்னு நீங்க எழுதுவீங்களா? நாலு பெட்டி தீந்துச்சு. மிச்சம் இது ஒண்ணுதான். அவன் கையால அடுக்கின கடைசிப் பெட்டி.

ஐயோ, என்னம்மா பண்றீங்க? பையிலேருந்து என்ன அது? மருந்தா? எனக்கா? வேணாம்மா, நெஜமா வேணாம், கையை விடுங்க. உங்க கையும் வெடிச்சிருக்கே. நாளெல்லாம் அரிசி கழுவறீங்க, வெடிக்காம என்ன செய்யும். இருங்க இருங்க, மூடியைத் தெறக்காதீங்க. மொதல்ல இந்தப் பெட்டியை அந்த அலமாரியில வெச்சிட்டு வந்துடறேன்.

ம். வெச்சிட்டேன். இப்ப காட்டுங்க. இதேதான். பச்சைக் கோடு போட்ட வெள்ளை டியூப். உங்களுக்கும் தோல் டாக்டர் குடுத்தாரா? எல்லாருக்கும் இதைத்தான் குடுக்கறாங்க போல. நல்ல மருந்துதான். நாலே நாள்ல ஆறிடும்.

இதுதாம்மா அது.

அந்த வாடிக்கைக்காரர். ஹார்மோன்னு சொன்னேன்ல. இந்த டியூப்புல இருக்கற ஸ்டீராய்டு அதுக்குப் பங்காளி மாதிரி. கல்லாவுல நிக்கற பொண்ணுக்கு ரெண்டுக்கும் வித்தியாசம் தெரியாது. மாடித் தண்ணித் தொட்டியில ஒரு சிட்டிகை போட்டாலே போதும், செல்லு எழுந்துக்கும். ஆவியில வெந்தா கெருமி சாகும், இது சாகாது. நான் கரித்தூள்ல ரெண்டு நாள் வடிச்சு வாசல்ல யாரும் வராமப் பாத்துக்கிட்டேன், பின்வாசல் வழியா நானே என் விரல்ல ஒட்ட வெச்சு உள்ள கூட்டிட்டுப் போயிருக்கேன். லேப்ல எல்லாருக்கும் அடுக்கினேன்ல, எல்லாருக்கும் மினுக்குச்சு. அவனுக்கு மட்டும் நான் அடுக்கலை.

உங்க பையன் பொய் சொல்லலைம்மா. ஒரு நம்பர்கூட.

எப்பத் தெரியும்னா... மருந்தை நிறுத்தின அன்னிக்கே தெரியும். மூணு வாரம். முழுசா நிரூபிச்சிட்டுச் சொல்லலாம்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். அது பொய். நேத்து நிரூபிச்சும் முடிச்சிட்டேன், மருந்தை நிறுத்தறதுக்கு முன்னாடி நான் அடுக்கின பெட்டி மினுக்குச்சு, காய்டிங் கையால அடுக்கினது இருட்டு. நேத்தும் சொல்லலை. லியாவ் சார் ரூம் கதவு வரைக்கும் போய்ட்டு, டிப்பு ஆர்டர் லிஸ்ட்டைக் குடுத்துட்டு வந்துட்டேன்.

நடுவுல அவன் ஒரு மெசேஜ் அனுப்பினான். இருங்க, காட்டறேன். அக்கா, உங்க கை பொய் சொல்லாது, நான்தான் எங்கயோ தப்பு பண்ணிருக்கேன் போல, எங்கன்னு தேடித் தேடித் தெரியலைன்னு. அதுக்குக் கீழ பாருங்க, நான் என்ன அனுப்பியிருக்கேன்னு. தலை குனியற கரடி ஸ்டிக்கர். அவ்ளோதான். அவன் ஆட்சேபம் எழுதாததுக்கு அதுதான் காரணம்னு நெனைக்கிறேன்.

திட்டுங்கம்மா. அவன்தான் திட்டலை, நீங்களாவது.

மணி என்ன? ஒண்ணே முக்காலா? சரி. அந்த டியூப்பை எங்கிட்டக் குடுங்க, கமிட்டிக்குக் காட்டணும், என்னோடது ரூம்ல இருக்கு, எடுக்கப் போனா நான் திரும்பி வர மாட்டேன், எனக்கு என்னைத் தெரியும். நீலப் பெட்டியை நீங்க எடுத்துக்கோங்க. இல்ல, தொடாதீங்க, நீங்களும் போட்டிருக்கீங்க! துணியில சுத்தி எடுங்க, அந்த ஸ்வெட்டர்ல. ஆங், அப்படித்தான். லிஃப்ட்டு வேணாம், படியிலயே போயிடலாம், லிஃப்ட்டுல யாராவது வணக்கம் சொன்னா எனக்கு எல்லாம் மறந்துடும். நான் கதவைத் தட்டறேன். உள்ள போய் நான் தலையாட்ட ஆரம்பிச்சேன்னா, பின்னாடியிலேருந்து முதுகுல ஓங்கி ஒண்ணு குடுங்க.

காலையிலேருந்து ஒண்ணும் சாப்பிட்டிருக்க மாட்டீங்கள்ல? இருங்க. பொட்டலம் எட்டலை. ம், வந்துடுச்சு. பரவால்லம்மா, மிஷினுக்கு ஒண்ணும் ஆகாது. பிரிச்சுட்டேன். இந்தாங்க, தேங்காய் வாசனை, மொறுமொறுன்னு இருக்கும். படி ஏறிக்கிட்டே தின்னுக்கலாம், வாங்க.